நடக்கச் சொல்லும் செய்தி

இலங்கை மலையகத்தின் லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் யாரையும் நடக்கச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தும் விடியாமலும் லயத்திலிருந்து பிரட்டுக்களம், அங்கிருந்து மலை, கூடை நிறைந்ததும் நிறுவை, கைக்குழந்தை இருந்தால் நடுவில் பிள்ளைமடுவத்துக்கு ஓர் ஓட்டம், திரும்பவும் மலை, பொழுது சாயும்போது தலையில் விறகுக் கட்டோடு வீடு. ஏற்றமும் இறக்கமுமாகவே நாள் கழிகிறது. இந்தக் கால்களிடம் போய், "தினமும் அரை மணித்தியாலம் நடந்தால் உடம்புக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், "எங்களுக்கேவா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

ஆனால் இதே லயத்தில், எல்லாரும் மலைக்குப் போன பிறகும் ஏதோ ஒரு காம்பராவில் ஒருவர் படுத்திருப்பார். இருபத்தைந்து வயசும் இருக்கலாம், நாற்பத்தைந்தும் இருக்கலாம். மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் மருந்து வாங்கி வருகிறவர். மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, இரவில் தூக்கம் வருகிறது. கூடவே பகலிலும் தூக்கம் வருகிறது. பசி அடங்குவதில்லை. ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமாக உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்கு எடுத்த சட்டையில் இப்போது பொத்தான் பூட்ட முடியவில்லை. பீலிக்குக் குளிக்கப் போவதென்றாலும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போகிறார். யார் கண்ணிலாவது பட்டால், மனநோய் வைத்தியசாலையின் பெயரைச் சொல்லி "அங்கொடைக் கேசு" என்ற பேச்சு முதுகுக்குப் பின்னால் வந்து விழும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாரும் நடக்கிற ஊரில் நடக்காதவர் அவர் ஒருவர்தான். கடுமையான மனநோயோடு வாழ்கிறவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருஷம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சாவுகளில் பெரும்பங்கு இதய நோய், நீரிழிவு போன்ற உடம்பு நோய்களால் வருவது. மனசுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று உடம்பை மறந்துவிட்டோம்.

அப்படிப்பட்ட ஒருவரைக் காம்பராவிலிருந்து கோயில் வரைக்குமாவது நடக்கவைக்க, கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு சின்னச் செய்தியால் முடியுமா? உலகத்தின் பல மூலைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த முயற்சியின் பிறப்பைத் தேடிக்கொண்டு போனால், கைத்தொலைபேசிக்கு வெகு காலத்துக்கு முந்திய ஒரு கடிதத்தில் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்றொரு மனநல வைத்தியர் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் படையில் இருந்தபோது, அதிகம் பழகாத ஓர் இளம்பெண் அவருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். போர்முனையில் அந்தக் கடிதங்கள் தனக்கு என்ன செய்தன என்பதை அவர் மறக்கவில்லை. 1969இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மன அழுத்தத்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலோ வைத்தியசாலைக்கு வந்து, வெளியே போன பிறகு மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம் என்று விலகிவிட்ட 843 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிதம் போனது. வைத்தியசாலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசியவர் யாரோ அவரே எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்கு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து வருஷத்தில் மொத்தம் 24 கடிதங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். நீங்கள் போய்க் கொஞ்ச நாளாகிவிட்டது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில் முடிந்துவிடும்.

மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அந்தக் கடிதம் கேட்கவில்லை. கிளினிக்குக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. உங்களை மறக்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு வருஷங்களில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. இந்த முயற்சியைப் பற்றி 1976இலும், ஐந்து வருஷக் கணக்கை முழுமையாக வைத்து 2001இலும் மோட்டோ எழுதினார். எதையும் கேட்காமல் அனுப்பியதால்தான் அந்தக் கடிதத்துக்குப் பலம் வந்தது என்று நான் நினைக்கிறேன். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நடக்கச் சொல்லும் செய்தி ஒன்றைக் கேட்கிறது. கேட்கிற செய்தி, கேட்காத கடிதத்தின் பலத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்ளும் என்பதுதான் இந்தக் கதை முழுவதும் கூடவே வரும் சிக்கல்.

மோட்டோவின் முறையை அன்றைக்கு அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவந்திருந்தால் அது தோட்டத்து ஒபிசோடு நின்றிருக்கும். லயக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஒபிசில் கிடக்கும், யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் வந்துசேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி கடந்து கைக்குக் கிடைத்த பிள்ளைகளின் கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் உண்டு. வைத்தியசாலை முத்திரையோடு ஒரு மனநோயாளிக்கு மாதாமாதம் கடிதம் வந்தால் அது அவர் கைக்கு வருமுன் எத்தனை பேருக்குச் செய்தியாகியிருக்கும்! முகவரி இல்லாதவர்களுக்கு முதல்முதலாகக் கிடைத்த சொந்த முகவரி கைத்தொலைபேசி இலக்கம்தான். தெற்காசியாவிலேயே முதலில் 1989இல் செல்டெல் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய நாடு இலங்கை. லயத்துக்கு அது வந்துசேர இன்னும் பல வருஷம் பிடித்தது. வந்த பிறகு, ஒபிசைத் தாண்டி நேரே காம்பராவுக்குள் ஒரு சொல் போக வழி பிறந்தது.

கடிதம் அடுத்து தபால் அட்டையானது. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் கிரெகரி கார்ட்டரும் கூட இருந்தவர்களும், நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்து பிழைத்த 772 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்தில் எட்டு அட்டைகள் அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப வைத்தியசாலைக்கு வந்த தடவைகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2005இல் அது வெளியானது. அதன் பிறகு நம்முடைய பக்கத்துக்கே வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வில் சென்னையும் கொழும்பும் இருந்தன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதமானோர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 வீதம். 2008இல் வெளிவந்த இந்த முடிவைத் தமிழ் பேசும் இரண்டு நாட்டு வைத்தியர்களும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விலை கூடிய கருவி எதுவும் இதில் இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று ஒன்பது தடவை கேட்டார்கள்.

இலங்கையில் அடுத்த அடியை வைத்தவர் ரோஹண மாரசிங்க. வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருந்த 68 பேரோடு அவர் குழு செய்த பரீட்சார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. சிக்கல்களைத் தீர்க்கப் பழக்குவது, தியானம், துணைக்கு ஆள் தேடிக்கொள்வது, மதுவைப் பற்றிய ஆலோசனை ஆகியவற்றை முதலில் நேரில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு கைத்தொலைபேசி வழியாகத் தொடர்ந்தார்கள். உயிரை விடும் எண்ணமும் மன அழுத்தமும் குறைந்தன. கடிதம் கைத்தொலைபேசிக்கு ஏறியது இந்த நாட்டிலேயே நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி நடையின் பக்கம். 1953இல் லண்டன் பஸ்களை வைத்து ஜெர்ரி மோரிஸ் என்ற வைத்தியர் ஒரு கணக்குப் பார்த்தார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே சம்பளம். இதய நோய் சாரதிகளுக்குத்தான் கூடுதலாக வந்தது. லயத்துக் காம்பராவில் படுத்திருப்பவரையும் மலையில் நிற்கும் அவருடைய அக்காவையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் மோரிஸின் கணக்கு கண்ணெதிரே தெரியும். அக்காவின் உழைப்பு உடம்பை வளர்க்கிறது என்று சொல்ல வரவில்லை, அந்த உழைப்பு அவளைத் தேய்க்கவும் செய்கிறது. அசையாமல் கிடப்பது இன்னொரு விதமாகக் கொல்கிறது.

அசைவு மனசுக்கும் மருந்தாகுமா என்று 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் பார்த்தார். மன அழுத்தம் உள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேர். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்து மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். மாத்திரைக்குச் சமமாக நடை நின்றது என்று பத்திரிகைகள் எழுதின. அவசரப்பட்டு மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆய்வு மன அழுத்தத்தைப் பற்றியது. மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர் நடக்கத் தொடங்கினாலும் மருந்தை டொக்டரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. அந்த 156 பேரில் நடந்தவர்கள் தனியாக நடக்கவில்லை. வாரம் மூன்று தடவை, குழுவாக, கவனிக்க ஆள் நிற்க நடந்தார்கள்.

அந்தக் கவனிக்கிற ஆளின் அருமையை முழுசாகப் புரிந்துகொண்டவர் கென் ஜூ. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற சிறு நகரத்தில் மனநல சேவை நிலையம் ஒன்றை நடத்தியவர். தம்மிடம் வந்துகொண்டிருந்தவர்கள் நடுவயசிலேயே ஒவ்வொருவராகச் செத்துப்போவதை அவர் பார்த்தார். மனநோயால் அவர்கள் சாகவில்லை, உடம்பு விட்டுப்போய்ச் செத்தார்கள். 2003 அளவில் அவர் தொடங்கிய திட்டத்தில், ஒவ்வொருவருக்கும் ஊர்ப் பயிற்சி நிலையத்தில் அனுமதியும், வாரம் ஒரு மணித்தியாலம் கூட வந்து பயிற்சி செய்யும் ஒரு துணைவரும் கிடைத்தார்கள். பின்னால் ஸ்டீபன் பார்ட்டல்ஸ் இதை 133 பேரிடம் ஒரு வருஷம் சோதித்தார். இரண்டு பிரிவினருக்கும் பயிற்சி நிலையத்துக்கு இலவச அனுமதி. ஒரு பிரிவினருக்கு மட்டும் துணைவர். துணைவர் இருந்தவர்கள் மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு தடவை அங்கே போனார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதவில்லை, வாசலில் காத்து நிற்க ஒருவர் வேண்டியிருந்தது.

செய்தியின் பிறப்பை இப்போது பார்க்கலாம். 1985இல் ஜெர்மனியின் பொன் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சுப்பொறியின் முன்னால் உட்கார்ந்து, மனசில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணினார். பெரும்பாலும் 160க்குள் அடங்கின. குறுஞ்செய்தியின் அளவு அப்படித்தான் முடிவானது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் நீல் பாப்வர்த் என்ற இளைஞர் கணினியில் தட்டி, வோடஃபோன் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி அது. ஜார்விஸால் பதில் அனுப்ப முடியவில்லை, அந்தப் போனில் அதற்கு வசதியே இல்லை.

ஹில்லெபிராண்ட் எண்ணியது ஐரோப்பிய எழுத்துகளை. தமிழுக்கு அந்த 160 கிடைப்பதில்லை. தமிழ் எழுத்தில் செய்தி அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'நடைப்பயிற்சி' என்று எழுதினால் கண்ணுக்கு ஏழெட்டு எழுத்து, கணக்குக்கு 12 இடம். மிஞ்சினால் இரண்டு செய்தியாக உடையும், இரண்டு செய்திக்குக் காசு. மலையகத்துப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பிள்ளைகள் அனுப்புவதை அப்பாவால் வாசிக்க முடிவதில்லை.

செய்தியும் நடையும் தமிழ் மண்ணில் சேர்ந்த இடம் சென்னை. டொக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் அங்கிருந்து நடத்தப்பட்ட ஆய்வில், நீரிழிவு வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்கள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு அதற்கு மேல் உணவு, நடை பற்றிக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு வருஷம் கழித்து, செய்தி வராதவர்களில் 27 வீதத்தினருக்கு நீரிழிவு வந்திருந்தது. செய்தி வந்தவர்களில் 18 வீதம். 2013இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய நோயைத் தள்ளிப்போட முடியும் என்று யாரும் அதற்கு முன்பு இப்படிக் காட்டியதில்லை.

அந்த ஆய்வின் அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள் குறைவு. மறு வருஷம் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. நன்மை எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, உணவுப் பழக்கம் மாறியதால் வந்தது என்று தெரிந்தது. நடையின் பங்கு அதில் தெரியவில்லை. எண்ணெயைக் குறையுங்கள் என்ற செய்தியைக் கேட்டார்கள். நடங்கள் என்ற செய்தியால் கால்கள் அந்த அளவுக்கு அசைந்துவிடவில்லை. உடம்பும் மனசும் ஓரளவு நன்றாக இருந்த, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆண்களுக்கே இப்படி. படுக்கையை விட்டு எழுவதே ஒரு மலையாக நிற்கும் மனிதருக்கு, "இன்று 30 நிமிடம் நடக்கவும்" என்று இயந்திரம் அனுப்பும் செய்தி என்ன செய்யும்? குற்ற உணர்ச்சியைக் கூட்டும், அவ்வளவுதான். முடியாததை முடிக்கச் சொல்லி நாளுக்கு நாலு தடவை நினைவூட்டுவது ஒரு வகைக் கொடுமை.

மனநோயாளரிடமே செய்து பார்த்தவர்களும் இந்த மேட்டைத்தான் சந்தித்தார்கள். நெதர்லாந்தில் 62 பேருக்கு, அவரவர் தாங்களே குறித்துக்கொடுத்த காரியங்களை நினைவூட்டிச் செய்தி அனுப்பினார்கள். மருந்து குடிப்பது, கிளினிக் நாளைத் தவறவிடாதது, ஏதாவது ஒரு வேலையில் ஈடுபடுவது. செய்தி வந்த வாரங்களில் காரியங்கள் கூடுதலாக நடந்தன. செய்தி நின்றதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன. 2010இல் வெளிவந்த முடிவு இது. அமெரிக்காவில் பார்ட்டல்ஸின் குழுவிலிருந்து வந்த ஜோன் நாஸ்லண்டும் கெல்லி ஆஷ்பிரென்னரும் இன்னொரு வழி எடுத்தார்கள். கடுமையான மனநோயோடு உடம்பும் பெருத்தவர்களை ஒரு குழுவாக்கி, கையில் அடிகளை எண்ணும் பட்டி, வாரம் ஒருமுறை கூடல், இடைநாட்களில் குறுஞ்செய்தி, தங்களுக்குள் பேசிக்கொள்ள மூடிய ஃபேஸ்புக் குழு ஒன்று. கென் ஜூவின் துணைவர் இங்கே போனுக்குள் குடியேறினார், துணைக்கு அதே நோயுள்ள நண்பர்களையும் கூட்டிக்கொண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ட்ரோர் பென்-சீவ், பயிற்சி பெற்ற ஒருவரை உட்காரவைத்து, 49 பேரோடு பன்னிரண்டு வாரம் குறுஞ்செய்தியிலேயே உரையாட வைத்தார். நாளுக்கு மூன்று தடவை வரை. பெரும்பாலான நாட்களில் அவர்கள் பதில் எழுதினார்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் போனில் பேச மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல பதில்.

மலையகத்துக்கு மிக நெருக்கமான முயற்சியாக எனக்குத் தோன்றுவது சீனாவின் ஹூனான் மாகாணத்தில் லியூயாங் பகுதிக் கிராமங்களில் நடந்தது. அங்கும் ஏழ்மை, அங்கும் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள். மனச்சிதைவு உள்ள 278 பேர். செய்தி நோயாளிக்கு மட்டும் போகவில்லை. அவரைக் கவனித்துக்கொள்ள வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவருக்கும் போனது. ஊர் வைத்தியரும் அதில் இணைந்திருந்தார். ஒழுங்காகச் செய்தவர்களுக்குச் சின்னச் சின்னப் பரிசு. 2019இல் வந்த முடிவுப்படி, குடிக்க வேண்டிய மருந்தில் மற்றவர்கள் 48 வீதத்தைக் குடிக்க, இவர்கள் 61 வீதத்தைக் குடித்தார்கள். அது மருந்துக்கான திட்டம். ஆனால் வீட்டு ஆளையும் நோயாளியையும் ஒரே செய்தியில் கோத்தது நடைக்கும் பொருந்தும், நடை தனியாக நடப்பதைவிட இருவராக நடக்க எளிது.

மலைக்குத் திரும்புவோம். இங்கே நடக்கச் சொல்லும் செய்தி ஒன்று பிறக்க வேண்டுமானால் அதற்கு இந்த மண்ணின் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அனுப்பினால் வீட்டில் பிரட்டுக்குப் போகும் அவசரம், போனும் அந்த நேரம் அக்காவின் கையில் இருக்கும். ஒரு காம்பராவுக்கு ஒரு போன் என்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதங்களில், "வெளியே போய் வெயில் படுங்கள்" என்று எழுதினால் எழுதியவருக்கு லிந்துலை தெரியாது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கிழமை நாளில் பகல் பத்து மணிக்கு லயம் வெறிச்சோடிக் கிடக்கும், பார்க்கிற கண்கள் குறைவு. வெட்கப்படுகிறவர் முதலில் நடக்கத் துணியும் நேரம் அதுதான். சாயந்தரம் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடும் இடத்துக்குப் போவதெல்லாம் பல மாதம் கழித்து.

செய்தியில் நோயின் பெயர் வரவே கூடாது. கிளினிக், மருந்து, மனநலம் என்ற எந்தச் சொல்லும் வரக் கூடாது. போன் பலர் கைக்குப் போவது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு சொல் போதும், தங்கையின் வாழ்க்கை தடைப்பட. சிங்களத்தில் வரும் செய்திகளைப் பார்க்காமலே அழித்துப் பழகிய விரல்கள் இவை. அதனால் தமிழிலேயே வர வேண்டும், அதிலும் ஊர்த் தமிழில். உதாரணத்துக்கு ஒன்று எழுதிப் பார்க்கலாம்.

"மழை விட்டிருக்கு. கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க அண்ணே."

எண்ணிப் பார்த்தால் 56 இடம். மிச்சம் இருக்கும் 14 இடத்தில் அனுப்புகிறவரின் பெயரை எழுதலாம். அந்தப் பெயரை விடவே கூடாது. மோட்டோவின் கடிதத்தில் பேசியவரே கையொப்பமிட்டதைப் போல, இந்தச் செய்தியின் கடைசியிலும் அண்ணனுக்கு முகம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ என்றால் வட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பிவிடலாம். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் ஏற்கனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். "அப்பா, சாப்டீங்களா? சும்மா படுத்துக் கிடக்காம பீலி வரைக்குமாச்சும் போயிட்டு வாங்க." எந்த ஆய்வும் சொல்லிக்கொடுக்காமல் அவனுக்கு வந்த பேச்சு அது. திட்டம் போடுகிறவர்கள் அந்த மகனை முதலில் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்காத கடிதத்தின் பலத்தைக் கேட்கிற செய்தி எப்படித் தக்கவைப்பது என்ற சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த வழி, நான்கு செய்தியில் ஒன்றில் மட்டும் நடையைப் பற்றிப் பேசுவது. மற்ற மூன்றும் சும்மா விசாரிப்பாக இருக்கட்டும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியாச்சா, உங்க பக்கம் பனி எப்படி என்று கேட்கலாம். நடக்கவில்லை என்று பதில் வந்தாலும் அதே அன்போடு அடுத்த செய்தி போக வேண்டும். பதிலே வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஜார்விஸின் போனைப் போலப் பதில் அனுப்ப வசதியில்லாத செய்தியாக இது இருந்துவிடக் கூடாது. ரீலோட் காசு இல்லாதவருக்கு ஒரு மிஸ்ட் கோலே பதிலாகப் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். செய்தியைப் படிக்கும்போது மனசு மிகவும் உடைந்திருக்கிறவர்களுக்காக, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் தொடக்கத்திலேயே நேரில் பழக்கிவிட வேண்டும்.

நெதர்லாந்தில் செய்தி நின்றதும் எல்லாம் நின்றது. அதனால் மூன்று மாதப் பரீட்சார்த்தம், அறிக்கை, படம் என்று முடிகிற திட்டம் இங்கே வேண்டாம். மோட்டோ ஐந்து வருஷம் எழுதினார், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனாரே தவிர விட்டுவிடவில்லை. லிந்துலை வைத்தியசாலையிலோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ இதற்கு வேண்டிய சாமான் மிகக் குறைவு. ஒரு போன், பெயர்களையும் நல்ல நேரங்களையும் குறித்து வைக்க ஒரு கொப்பி, பதில் வராத பெயருக்கு அடுத்த நாள் அந்த லயத்துக்கே போய், "வாங்க அண்ணே, நானும் கோயில் பக்கம்தான் போறேன்" என்று கூட்டிக்கொண்டு நடக்க ஓர் ஆள். போனும் கொப்பியும் நன்கொடையாகக் கிடைத்துவிடும். அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். அது சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பா, தோட்டக் கம்பனியின் பொறுப்பா என்று இரண்டு பக்கமும் கை காட்டிக்கொண்டிருக்கும் பழைய வழக்கு மலையகத்தில் எல்லாச் சுகாதார வேலைக்கும் உண்டு. இந்த வேலைக்கு முதலில் தீர வேண்டியது அந்த வழக்குத்தான்.